டயாலிசிஸ் தொடங்கிய வீட்டில் முதல் பொங்கல்

வீட்டில் ஒருவருக்கு டயாலிசிஸ் (சிறுநீரகம் செய்ய வேண்டிய வேலையை மெஷின் செய்து ரத்தத்தைச் சுத்தப்படுத்துவது) தொடங்கிய வருடம் பொங்கல் வந்தால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கும். "இந்த வருஷம் எதுவும் வேண்டாம்" என்று பானையை எடுக்காமலே விட்டுவிடுவார்கள். இல்லாவிட்டால் எல்லாம் வழக்கம்போல நடக்கும், நோயாளி மட்டும் உள்ளறையில் படுத்துக்கொண்டு வாசலில் கேட்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். இரண்டுமே வேண்டாம் என்பதுதான் என் கட்சி. பொங்கல் நன்றி சொல்லும் பண்டிகை. நோய் வந்த வீட்டில் நன்றி சொல்ல வேண்டியவர்களின் எண்ணிக்கை கூடித்தான் இருக்கும். அதனால் பண்டிகையை நோயாளிக்கு ஏற்றபடி மாற்றிக் கொண்டாடுவோம். எங்கள் வீட்டில் அப்பாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது. அவரோடு பண்டிகை கொண்டாடிப் பழகியதில் தெரிந்துகொண்டவற்றைப் புதிதாக இந்த வழிக்கு வந்திருக்கும் குடும்பங்களுக்காக வரிசையாகச் சொல்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே உணவு பற்றிச் சொல்வது எல்லாம் பொதுவான விஷயம். ஒவ்வொருவருடைய ரத்தப் பரிசோதனையும் வேறு. கடைசி வார்த்தை உங்கள் சிறுநீரக மருத்துவருடையதும் டயட்டீஷியனுடையதும்தான்.

டிசம்பரிலேயே ஷிப்ட்டைப் பேசுங்கள்

பொங்கல் ஜனவரி 14 அல்லது 15-ல் வரும். டயாலிசிஸ் பெரும்பாலும் வாரத்துக்கு மூன்று நாள், ஒரு தடவைக்கு நாலு மணி நேரம். மையத்தில் நமக்கு ஒதுக்கும் அந்த நேரம்தான் ஷிப்ட். பண்டிகை விடுமுறை மூன்று நாலு நாள் சேர்ந்து வருவதால் சில மையங்களில் ஷிப்ட் குறையும், நேரம் மாறும். எந்த நாள் திறந்திருக்கும், உங்கள் ஷிப்ட் எப்போது என்று டிசம்பர் கடைசிக்குள் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நாளை முன்னே பின்னே மாற்றலாமா என்று கேளுங்கள். ஆனால் ஒரு தடவையை விட்டுவிடும் பேச்சே வேண்டாம். "நல்ல நாளும் அதுவுமா ஆஸ்பத்திரிக்கு ஏன் போகணும், அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்று சொல்ல யாராவது ஒரு பெரியவர் வருவார். சிறுநீரகம் வேலை செய்யாதபோது நீரும் பொட்டாசியமும் உடம்பிலேயே தேங்கும். இடைவெளி கூடக் கூட மூச்சுத்திணறல் வரலாம், இதயத்துடிப்பு தாறுமாறாகலாம். வழக்கமான வாரத்திலேயே இரண்டு நாள் சேர்ந்தாற்போல் வரும் இடைவெளிதான் ஆபத்து கூடிய நேரம். அதை இன்னும் நீட்டக் கூடாது.

தை முதல் நாளிலேயே ஷிப்ட் விழுந்தால்? பஞ்சாங்கத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட நல்ல நேரம் போட்டிருக்கும். அவர் வீட்டில் இருக்கும் நேரத்தைப் பார்த்துப் பானையை ஏற்றுங்கள். டயாலிசிஸ் முடிந்து வந்ததும் பலருக்குத் தலை சுற்றும், அசதியில் கண்ணைத் திறக்க முடியாது. அதனால் போவதற்கு முன்பு முடித்துவிடுவது நல்லது. காலை முதல் ஷிப்ட் என்றால் பொங்கலை அவர் தூங்கி எழுந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். அவர் இல்லாத நேரத்தில் பொங்க வைத்துவிட்டு, வந்ததும் ஒரு கிண்ணத்தை நீட்டாதீர்கள்.

சொந்த ஊருக்குப் போவதாக இருந்தால் அந்த ஊருக்குப் பக்கத்து நகரத்தில் இருக்கும் மையத்தில் முன்கூட்டியே இடம் கேட்க வேண்டும். ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, எச்ஐவி பரிசோதனைகளின் சமீபத்திய முடிவு இல்லாமல் புது நோயாளியை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதோடு, கடைசியாகச் செய்த சில டயாலிசிஸ்களின் குறிப்பு, டிரை வெயிட் (தேங்கிய நீரை எடுத்த பிறகு இருக்க வேண்டிய எடை), மருந்துச் சீட்டு, காப்பீட்டு அட்டை எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டுக்கொள்ளுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் பார்க்கிறவர்கள், ஊரில் இருக்கும் மையமும் அந்தத் திட்டத்தில் இருக்கிறதா என்று சேர்த்துக் கேளுங்கள்.

பானைக்குள் என்ன போகிறது

கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டிய பகுதி இது. பொங்கல் படையலில் முக்கால்வாசிப் பொருள்கள் பொட்டாசியம் நிறைந்தவை. வாழைப்பழம், இளநீர், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, சேனை, மொச்சை, வெல்லம் எல்லாமே அந்தப் பட்டியலில் வரும். நல்ல உடம்புக்கு இவை நல்லவை. டயாலிசிஸில் இருப்பவருக்கு இவற்றில் இரண்டு மூன்று ஒரே வேளையில் சேர்ந்தால் இதயத்துக்கே ஆபத்து.

சர்க்கரைப் பொங்கலுக்கு எங்கள் வீட்டில் இரண்டு பானை. பெரியது எல்லாருக்கும், வழக்கப்படி வெல்லம் போட்டு. சின்னப் பானை அப்பாவுக்கு. பச்சரிசி, கொஞ்சம் நெய், ஏலக்காய், வெல்லத்துக்குப் பதில் வெள்ளைச் சர்க்கரை. வெல்லத்தில் பொட்டாசியம் நிறைய, வெள்ளைச் சர்க்கரையில் அநேகமாக இல்லை. பருப்பை வாசனைக்கு ஒரு பிடியோடு நிறுத்திக்கொள்கிறோம். பால் ஒரு கரண்டி, மற்றதெல்லாம் தண்ணீர், ஏனென்றால் பாலில் பாஸ்பரஸும் உண்டு, அதுவும் உடம்பில் தேங்கும். முந்திரியும் திராட்சையும் சின்னப் பானைக்குள் போகாது. நோயாளிக்குச் சர்க்கரை நோயும் இருந்தால் (சிறுநீரகம் கெட்டுப்போனவர்களில் நிறையப் பேருக்கு இருக்கும்) அளவை டயட்டீஷியனிடம் கேளுங்கள். இரண்டு கரண்டி என்றால் இரண்டு கரண்டிதான்.

சின்னப் பானையும் அதே அடுப்புக்குப் பக்கத்தில், அதே மஞ்சள் கொத்து கட்டி, அதே நேரத்தில் பொங்க வேண்டும். சமையலறையில் குக்கரில் தனியாகச் செய்து கொண்டுவந்தால் அது பத்தியச் சாப்பாடு. வாசலில் எல்லார் முன்னாலும் பொங்கினால்தான் பொங்கல். இரண்டு பானைக்கும் சேர்த்துத்தான் "பொங்கலோ பொங்கல்".

காய்களுக்கு ஒரு வழி இருக்கிறது. தோல் சீவி, சின்னத் துண்டுகளாக நறுக்கி, நிறைய வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மணி நேரமாவது ஊற வைத்து, அதைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேக வைத்து, அந்தத் தண்ணீரையும் வடித்துவிட வேண்டும். பொட்டாசியம் கணிசமாகக் குறையும், முழுக்கப் போகாது. கூட்டுக்குச் சேனையும் சர்க்கரைவள்ளியும் போடுவதற்குப் பதில் அவருக்கு மட்டும் சுரைக்காய், புடலங்காய், பீர்க்கங்காய், முட்டைக்கோஸ் என்று போகலாம். அவற்றையும் இதே மாதிரி வடித்துத்தான் செய்ய வேண்டும்.

உப்பு விஷயத்தில் இரண்டு தவறான நம்பிக்கைகள் பரவிக் கிடக்கின்றன. இந்துப்பு நல்லது என்கிறார்கள், அதுவும் சோடியம்தான். "சோடியம் குறைந்த உப்பு" என்று கடையில் விற்கிற சிலவற்றில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். ரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று யாரோ பாசத்தோடு வாங்கி வருவார்கள். டயாலிசிஸ் வீட்டுக்குள் அது வரவே கூடாது. ஊறுகாய், அப்பளம், வடகம் மூன்றும் அன்றைக்கு அவர் இலையில் வேண்டாம். உப்பு கூடினால் தாகம் கூடும், தாகம் கூடினால் தண்ணீர்க் கணக்கு உடைந்துவிடும்.

தண்ணீர்க் கணக்கு இப்படி: முந்தைய நாள் போன சிறுநீரின் அளவு, அதோடு சுமார் 500 மில்லி. பொதுவாக மருத்துவர்கள் சொல்வது இதுதான், ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். காபி, ரசம், மோர், குழைந்த பொங்கலில் இருக்கும் நீர் எல்லாம் இதில் சேரும். பண்டிகை நாளில் வருகிறவர் எல்லாரோடும் அரை டம்ளர் காபி குடித்தாலே மதியத்துக்குள் கணக்கு தீர்ந்துவிடும். அவருக்கென்று ஒரு சின்ன டம்ளரை ஒதுக்கிவையுங்கள். ஒரு ஐஸ் கட்டியை வாயில் போட்டுக்கொண்டால் ரொம்ப நேரம் தாங்கும். காலையும் மாலையும் எடை பாருங்கள். ஒரு லிட்டர் தேங்கினால் ஒரு கிலோ கூடும்.

கரும்பு? கேட்காமல் இருக்க மாட்டார்கள், நான் முன்னாலேயே மருத்துவரிடம் கேட்டுவைத்துவிடுவேன். அந்த மாதம் பொட்டாசியம் கட்டுக்குள் இருந்தால் ஒரு சின்னத் துண்டு கடிக்க அனுமதி கிடைக்கும், சில மாதம் கிடைக்காது. சாறாகப் பிழிந்து டம்ளரில் குடிப்பது எப்போதும் இல்லை.

இவ்வளவும் பார்த்துச் செய்தாலும் கை கால் திடீரென்று துவண்டுபோனால், நெஞ்சு படபடத்தால், படுத்தால் மூச்சு முட்டினால், விருந்தாளிகளை அப்படியே விட்டுவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். எந்த மருத்துவமனை, யார் வண்டி ஓட்டுவது என்பதை முதல் நாளே முடிவுசெய்து வைத்திருங்கள்.

நோயாளிக்கு ஒரு வேலை கொடுங்கள்

என்னைக் கேட்டால் உணவுக்கு அடுத்தபடி முக்கியமானது இதுதான். "நீங்க பேசாம உட்காருங்க" என்று எல்லாரும் அன்போடுதான் சொல்கிறோம். நாள் முழுக்க அதைக் கேட்கிறவருக்கோ இந்த வீட்டில் இனி தனக்கு வேலை இல்லை என்று தோன்றிவிடும்.

உட்கார்ந்த இடத்திலிருந்து செய்கிற வேலைகள் பொங்கலில் ஏராளம். எந்த நேரத்தில் பானை ஏற்றுவது என்று பஞ்சாங்கம் பார்த்துச் சொல்வது. பால் பொங்கி வரும்போது முதல் பிடி அரிசியைப் போடுவது. பானைக்குக் கட்ட மஞ்சள் கொத்தைச் சீர்செய்வது. பிள்ளைகளுக்குப் பொங்கல் காசு கொடுப்பது. அம்மாவோ பாட்டியோ நோயாளி என்றால், கனுப்பொங்கல் அன்று காலையில் சின்னவர்கள் நெற்றியில் மஞ்சள் கீறி ஆசீர்வதிக்கிற வேலை அவர்களுடையது. காக்கைக்கும் குருவிக்கும் மஞ்சள் இலையில் சாத உருண்டை வைப்பதையும் அவர்களே செய்யலாம். கூடப் பிறந்தவர்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வைக்கிற உருண்டை அது. அந்த வேண்டுதலை நோயில் இருக்கும் அக்கா தன் தம்பிக்காகச் செய்யும்போது அந்த இடத்தில் அவர் வெறும் நோயாளி இல்லை.

சில எச்சரிக்கைகள். ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்துச் செய்த வழி) வைத்திருக்கும் கையால் கனமான பானையையோ தண்ணீர்க் குடத்தையோ கரும்புக் கட்டையோ தூக்கக் கூடாது. அந்தக் கையில் இறுக்கமான வளையல், வாட்ச், கங்கணக் கயிறு எதுவும் வேண்டாம். அந்தக் கையைத் தலைக்கு வைத்துத் தூங்கவும் கூடாது. ஃபிஸ்டுலாவைத் தினமும் தொட்டுப் பார்த்தால் ஒரு அதிர்வு தெரியும். அது தெரியாவிட்டால் பண்டிகை முடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மையத்துக்குப் போன் செய்யுங்கள். டயாலிசிஸ் முடிந்த அன்றைக்கு ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து உடம்பில் இருக்கும், ஆகவே அரிவாள்மனை, கத்தி வேலையெல்லாம் வேண்டாம்.

யாருக்கு நன்றி

டயாலிசிஸில் இருப்பவரிடம் "உயிரோட இருக்கீங்களே, அதுக்கே சாமிக்கு நன்றி சொல்லணும்" என்று சொல்லாதீர்கள். சொல்கிறவருக்கு அது ஆறுதல். கேட்கிறவருக்கோ வலியைச் சொல்லும் உரிமை அத்தோடு போய்விடும். காலில் தசைப்பிடிப்பு வந்து துடித்த மறுநாள் காலையில் அவர் கோபமாக இருந்தால், அது பொங்கல் நாளாகவே இருந்தாலும், கோபமாக இருக்கட்டும். வற்புறுத்தி நன்றியை வரவழைக்க முடியாது. வீட்டில் உடம்பு நன்றாக இருக்கிறவர்கள்தான் முதலில் நன்றி சொல்லத் தொடங்க வேண்டும்.

தொடங்க ஓர் எளிய வழி. பொங்கலுக்கு முந்தின வாரம் ஒரு தாளில் இந்த வருடம் உதவியவர்களை எழுதுங்கள். பொதுவாக "எல்லாரும்" என்று எழுதக் கூடாது. ஆள், அவர் செய்த காரியம், இரண்டும் வேண்டும். விடியற்காலையில் ஷிப்ட்டுக்குக் கூட்டிப்போக வாசலில் வந்து நின்ற ஆட்டோக்காரர். நரம்பு கிடைக்காத நாளில் அவசரப்படாமல் ஊசி போட்ட டெக்னீஷியன். சாவியை வாங்கி வைத்துக்கொண்டு பள்ளி விட்டு வந்த பிள்ளையைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அக்கா. எழுதியவர்களில் முடிந்தவர்களுக்கு நேரில் போய், என்ன செய்தார்கள் என்பதைச் சொல்லி நன்றி சொல்லுங்கள். "நீங்க பண்ணின உதவிக்கு நன்றி" என்பது காற்றோடு போய்விடும். "அன்னைக்கு மழையில நீங்க வரலைன்னா ஷிப்ட் போயிருக்கும்" என்றால் அவர் மறக்க மாட்டார்.

அந்தத் தாளில் அநேகமாக விட்டுப்போகும் பெயர் கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறவருடையது. எங்கள் வீட்டில் அது அம்மா. காய்களை ஊற வைத்து வடிப்பதும், தண்ணீரை அளந்து கொடுப்பதும், காத்திருப்பு நாற்காலியில் நாலு மணி நேரம் உட்கார்ந்திருப்பதும் வீட்டு வேலையோடு வேலையாகக் கரைந்துபோகின்றன. அவருக்குப் புடவை எடுத்துக் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைவிட, காணும் பொங்கல் அன்று அளவு பார்க்கும் வேலை முழுவதையும் நீங்கள் எடுத்துக்கொண்டு, அவரை அவருடைய அக்கா தங்கை வீட்டுக்கு அனுப்பிவையுங்கள். அதற்கு முந்தைய வாரமே அந்த வேலையை அவரிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். பெண்கள்தான் பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிடும் அண்ணன் தம்பிகளுக்கு இதை முக்கியமாகச் சொல்கிறேன்.

மாட்டுக்கும் ஏருக்கும் நன்றி சொல்கிற பண்டிகையில் பிள்ளைகளுக்கு அந்த மெஷினைப் பற்றியும் சொல்லலாம். தாத்தா எதற்கு அடிக்கடி ஆஸ்பத்திரிக்குப் போகிறார் என்று பயந்துகொண்டிருக்கும் குழந்தைக்குக் கதை உதவும். 1943-ல், ஜெர்மானியப் படைகள் பிடித்து வைத்திருந்த நெதர்லாந்தில், வில்லெம் கோல்ஃப் என்ற மருத்துவர் செலோஃபேன் குழாயை ஒரு உருளையில் சுற்றி, நடைமுறைக்கு உதவிய முதல் டயாலிசிஸ் இயந்திரத்தைச் செய்தார். முதலில் சிகிச்சை பெற்றவர்கள் பலர் பிழைக்கவில்லை. 1945-ல் 67 வயதுப் பெண் ஒருவர் பிழைத்து எழுந்தார். அப்போதும் அது தற்காலிகமாகப் பழுதான சிறுநீரகத்துக்கு மட்டும்தான். 1960-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் பெல்டிங் ஸ்கிரிப்னர், ஒவ்வொரு தடவையும் புதிதாக ரத்தக்குழாயை அறுக்காமல் இருக்க, கையிலேயே ஒரு குழாய் இணைப்பைப் பொருத்தினார். அவருடைய முதல் நோயாளி கிளைட் ஷீல்ட்ஸ் அதன்பின் பத்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். "உன் தாத்தா வாரம் தவறாமல் வீட்டுக்குத் திரும்பி வருவதற்கு இவர்கள் எல்லாம் காரணம்" என்று சொல்லுங்கள்.

மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிவு செய்து காத்திருக்கும் குடும்பங்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. நமக்கு நல்ல செய்தி வருகிற நாள் வேறொரு வீட்டில் இழவு விழுந்த நாளாக இருக்கும். இதைப் பேசாமல் மூடி வைக்க வேண்டாம். தமிழ்நாட்டில் 2008-ல் சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்த 15 வயது ஹிதேந்திரனின் உறுப்புகளை மருத்துவர்களான அவனுடைய பெற்றோர் தானமாகக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் உறுப்பு தானம் பற்றிச் சாதாரண வீடுகளில் பேச்சு வந்தது. உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று 2023-ல் தமிழக அரசு அறிவித்தது. படையலின்போது இப்படிக் கொடுத்த குடும்பங்களை நினைத்து ஒரு நிமிடம் கும்பிடுங்கள். வீட்டில் மற்றவர்கள் தங்கள் பெயரை உறுப்பு தானத்துக்குப் பதிவு செய்யப் பொங்கல் விடுமுறை நல்ல நேரம். கையில் எல்லாருக்கும் போன் இருக்கிறது, பேசவும் எல்லாரும் கூடியிருக்கிறார்கள்.

சின்னச் சந்தோஷங்களுக்கு நேரம் ஒதுக்குங்கள்

போகி அன்று காலை ஜன்னல்களைச் சாத்தி வையுங்கள், தெருப் புகை மூச்சுக்கு ஆகாது. காணும் பொங்கல் கூட்டத்துக்குள் அவரைக் கூட்டிப்போக வேண்டாம். டயாலிசிஸில் இருப்பவர்களுக்குத் தொற்று எளிதில் வரும். சளி, காய்ச்சல் இருக்கும் உறவினர்களிடம் அடுத்த வாரம் வரும்படி நீங்களே சொல்லிவிடுங்கள். நோயாளியைச் சொல்ல வைக்காதீர்கள்.

வீட்டுக்குள்ளேயே நிறைய இருக்கிறது. மாலையில் வெயில் தாழ்ந்ததும் தெருக் கோலங்களைப் பார்த்துக்கொண்டு மெதுவாக ஒரு நடை. தொலைக்காட்சியில் பட்டிமன்றம், யார் பேசியது சரி என்று வீட்டில் ஒரு சண்டை. ஜல்லிக்கட்டு பார்ப்பவராக இருந்தால் தை முதல் நாள் அவனியாபுரம், அடுத்த நாள் பாலமேடு, அதற்கடுத்த நாள் அலங்காநல்லூர். இதில் ஏதாவது ஒரு நாள் ஷிப்ட் விழுந்தால், போனை முழுக்க சார்ஜ் செய்து, ஹெட்போனோடு கையில் கொடுத்து அனுப்புங்கள். ஊசி ஏறாத கையால் போனைப் பிடித்துக்கொண்டு நாலு மணி நேரமும் காளை பார்க்கலாம். அப்பா அதைப் பார்த்துவிட்டு வந்து, பிடிபடாத மாடுகளைப் பற்றி ராத்திரி வரைக்கும் பேசுவார்.

பண்டிகை முடிந்து அடுத்த ஷிப்ட்டுக்குப் போகும்போது இரண்டு காரியம். ஒன்று, நாலு நாளும் எழுதி வைத்த எடைக் குறிப்பையும் என்ன சாப்பிட்டார் என்பதையும் டெக்னீஷியனிடம் மறைக்காமல் காட்டுங்கள். கொஞ்சம் கூடியிருந்தால் திட்டமாட்டார்கள், எவ்வளவு நீர் எடுப்பது என்று அதை வைத்துத்தான் முடிவெடுப்பார்கள். இன்னொன்று, பெரிய பானைப் பொங்கல் ஒரு டப்பாவில். அதை டயாலிசிஸ் அறைக்குள் திறக்காதீர்கள், அங்கே படுத்திருக்கும் யாரும் அதைத் தொட முடியாது. வரவேற்பில் கேட்டு, நர்ஸ்களும் டெக்னீஷியன்களும் சாப்பிடும் அறையில் வைத்துவிட்டு வாருங்கள். தரை துடைக்கும் அம்மாவுக்கும் வாசலில் நிற்கும் செக்யூரிட்டி அண்ணனுக்கும் பங்கு வரும்படி டப்பா பெரியதாக இருக்கட்டும்.